பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுதல்: கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும்

கத்தோலிக்கரின் கோவை புனித மிக்கேல் பேராலயத்தில் மணமுடித்தாலும், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புரொட்டஸ்டன்ட் சபை) சார்ந்த ஈரோடு பிரப் ஆலயத்தில் மணமுடித்தாலும், உடலுறவு மணவாழ்க்கைக்கே உரியது என்ற போதனை ஒன்றுதான். குழந்தையைத் தள்ளிப்போடுவது எப்படி என்ற இடத்தில்தான் வழி பிரிகிறது.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-ல் எழுதிய சுற்றுமடலின்படி, கூடலில் அன்பையும் உயிரளிக்கும் தன்மையையும் பிரிக்கக் கூடாது. ஆகவே மாத்திரை, ஆணுறை, அறுவை சிகிச்சை மூன்றும் தவறு. கருத்தரிக்கும் நாள்களைக் கணித்து விலகியிருக்கலாம். (தள்ளிப்போடுவதே பாவம் என்று பலர் நினைக்கிறார்கள், திருச்சபை அப்படிச் சொல்லவில்லை.) கணிக்க ஒரு வழி, எழுந்தவுடன் உடல் வெப்பத்தை அளப்பது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு ‘எழுந்தவுடன்’ என்பது எந்த நேரம்?

சி.எஸ்.ஐ. 1947-ல் உருவானது. அதன் வேர்களில் ஒன்றான ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மரபு, அதன் ஆயர்கள் கூடிய 1930 லாம்பெத் மாநாட்டில் கருத்தடைக்குக் கதவைச் சற்றே திறந்தது. 1958-ல் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பெற்றோரின் மனச்சாட்சிக்கு விட்டது.

வாதமாகப் பார்த்தால் கத்தோலிக்கத் தரப்பே கட்டுக்கோப்பானது. வாழ்ந்து பார்க்க மற்றது எளிது. ஆனால் யாருடைய மனச்சாட்சி? “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று மாமியார் மாதந்தோறும் கேட்கும் வீட்டில், கடைசியில் அறுவை சிகிச்சைக்குப் போவது பெரும்பாலும் மருமகள்தான். விலகியிருக்கும் முறையிலாவது கணவனுக்குப் பாதிச் சுமை உண்டு.