எங்கள் எஸ்டிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில்) அனாக்சிக் டேங்க்: சில வருட அனுபவம்

அடியில் படியும் சேற்றை (ஸ்லட்ஜ்) மறுபடி தொட்டிக்கு அனுப்பும் ரிட்டர்ன் ஸ்லட்ஜ் பம்ப் ரிவைண்டிங் முடிந்து நேற்றுதான் வந்து சேர்ந்தது. நடுவில் பக்கத்து அபார்ட்மென்ட் செயலாளர், "சார், நாங்களும் அனாக்சிக் டேங்க் போடலாமா?" என்று கேட்டார். அனாக்சிக் டேங்க் என்றால் காற்று ஊதாமல், கரைந்த ஆக்சிஜன் இல்லாமல் வைத்திருக்கும் தொட்டி. அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

பாக்டீரியா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ப்ளோயர் காற்று ஊதும் ஏரேஷன் தொட்டியில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரேட்டாக்குகிறது. அந்தத் தண்ணீரை அனாக்சிக் தொட்டிக்குத் திருப்பினால், அங்குள்ள கூட்டம் புதிதாக வரும் கழிவைத் தின்றுகொண்டே நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளியே விடுகிறது. சென்னைச் சூடு இவற்றுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 7 கிராமுக்கு மேல் காரத்தன்மை (பிஎச் இறங்காமல் தாங்குவது) செலவாகும்; அதில் பாதி வரை அனாக்சிக் தொட்டியில் திரும்பக் கிடைக்கிறது. முன்பெல்லாம் பிஎச் இறங்காமல் இருக்கச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே இருப்போம். இப்போது அந்த வேலையே இல்லை. தோட்டத்துத் தண்ணீரில் வாடையும் போய்விட்டது.

என் கோபமெல்லாம் கிளாரிஃபையரில்தான், அதாவது சேறு அடியில் படிந்து தெளிந்த தண்ணீர் மேலே பிரியும் தொட்டியில். அடியில் ஸ்லட்ஜ் கொஞ்சம் கூடுதலாகத் தங்கினால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் நைட்ரேட்டை வைத்து பாக்டீரியா அங்கேயும் வாயு விட ஆரம்பிக்கும். குமிழிகள் சேற்றைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். மேலே பழுப்பாக ஆடை கட்டி, தண்ணீரோடு வழிந்து சாண்ட் ஃபில்டரை அடைக்கும். ஏப்ரல், மே வந்தால் இதே பாடுதான்.

பராமரிப்பு கம்பெனியைக் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "கல்ச்சர் பவுடர் போடுங்க சார்." பாக்டீரியா பவுடர் எதற்கு? இருக்கும் பாக்டீரியா நன்றாக வேலை செய்வதால்தானே சேறு மிதக்கிறது! ரிட்டர்ன் பம்ப்பைக் கூட்டி ஓட்டினால் ஸ்லட்ஜ் தேங்காது. ஏரேஷன் தொட்டியிலிருந்து அனாக்சிக்குப் போகும் ஓட்டத்தைக் கூட்டினால் கிளாரிஃபையருக்கு வரும் நைட்ரேட்டே குறையும். இதைக் கண்டுபிடித்தது எங்கள் ஆபரேட்டர் தம்பி. காசு வாங்கிய கம்பெனியில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும் அந்த ரிட்டர்ன் பம்ப்பை நம்பித்தான் எல்லாமே ஓடுகிறது. அதற்கு ஒரு ஸ்டாண்ட்பைகூட டிசைனில் இல்லை.

சரி, போடலாமா? மோட்டார் எரிந்து, ஃபில்டர் அடைத்து, குடியிருப்பவர்களின் புகார் வாங்கிய இந்த வாரத்தில் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரண்டாவது ரிட்டர்ன் பம்ப்பை ஒப்பந்தத்திலேயே எழுதித் தருகிறவர் யாராவது கிடைத்தால் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.