சிறிய நாய்க்கு உலர் உணவு: குன்னூரில் ஓராண்டு வாங்கிப் பார்த்ததில் கண்டவை

எங்கள் வீட்டு ரோஸிக்கு ஏழு வயது. எடை சரியாக ஐந்து கிலோ. தெருவில் எல்லாரும் அவளைப் பொமரேனியன் என்பார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் அந்தப் பெயரில் வளரும் நாய்களில் பெரும்பாலானவற்றைப் போல அவளும் இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தவள்தான். ஆறு ஆண்டுகள் தயிர்ச்சோறும் வேகவைத்த கோழியுமாக வளர்ந்தவளுக்குச் சென்ற ஆண்டு முடி மங்கி உதிரத் தொடங்கியது, எடையும் கூடியது. பரிசோதித்த கால்நடை மருத்துவர், வீட்டுச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்தும் நல்ல கொழுப்பும் குறைவாக இருப்பதாகவும், சிறிய இன நாய்களுக்கான நிறைவான உலர் உணவுக்கு மாற்றுவது நல்லது என்றும் கூறினார். அன்றிலிருந்து இந்த ஓராண்டில் நான்கு வகை உலர் உணவுகளை வாங்கி, பொதிகளின் பின்பக்கத்தைப் படித்து, நிறுத்துக் கொடுத்து, குறித்துவைத்து வந்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்தே இதை எழுதுகிறேன். ஒருத்தியின் வீட்டுக்கு வந்த ஒரு பொதியை வைத்து ஒரு நிறுவனத்தையே எடைபோடுவது முறையன்று என்பதால், எனக்கு ஒத்துவராத மூன்றின் பெயர்களைக் குறிப்பிடவில்லை.

முதல் மாதத்தில் நான் செய்த பிழையை முதலில் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் ஒரு கடையில், இருபது கிலோ சாக்கைப் பிரித்துவைத்து, புண்ணாக்கு விற்பதுபோல நாய் உணவையும் கிலோக் கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். “டீச்சர், இதுவும் அதே கம்பெனி சரக்குதான், பாக்கெட்டுக்குத்தான் காசு கூட” என்று கடைக்காரர் சொன்னார். நானும் இரண்டு கிலோ வாங்கினேன். நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளதால் காகித உறையில் கட்டித் தந்தார். அந்தத் தடையை நான் முழுமனத்தோடு ஆதரிப்பவள். ஆனால் கொழுப்புப் பூசிய உலர் உணவுக்குக் காகித உறை எவ்வகையிலும் பாதுகாப்பு அல்ல. அது ஐப்பசி மாதம். காலையிலிருந்து மாலைவரை பனிமூட்டமும் மழையும் விலகவில்லை. மூன்றாம் நாளே துண்டுகள் நமத்துப்போயின. ஒரு வாரத்தில், பலமுறை காய்ச்சிய எண்ணெயின் சிக்கு வாடை அடித்தது. ரோஸி முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுவாள். பசி பொறுக்காமல் தின்ற நாளில் வயிற்றுப்போக்கு. அந்தச் சாக்கு எப்போது பிரிக்கப்பட்டது, எப்போது தயாரானது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்வது தேர்வுக்கு மிகவும் உதவும். மாவையும் புரதத்தையும் கலந்து, நீராவியிலும் அழுத்தத்திலும் வேகவைத்து, அச்சின் வழியே பிதுக்கி வெட்டி, உலர்த்திய பிறகுதான் துண்டுகளின்மீது கொழுப்பைத் தெளிக்கிறார்கள். நாயை இழுக்கும் மணம் பெரும்பாலும் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. காற்றுப் பட்டதும் முதலில் கெடுவதும் அதுவே. ஈரப்பதம் பத்து சதவீதத்துக்குள் இருக்கும்வரை பூஞ்சைக்கு இடமில்லை. மலைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். பூஞ்சைகளில் சில உண்டாக்கும் அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்கக்கூடியது. மக்காச்சோளத்தின் வழியாகத் தொழிற்சாலைக்கே அது வந்துசேர்வதும் உண்டு. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் நாய்கள் இறந்து, ஒரு நிறுவனத்தின் உணவுகள் திரும்பப் பெறப்பட்டது இந்த நஞ்சினால்தான். கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ இருப்பவர் கோடை வெப்பத்துக்கு அஞ்ச வேண்டும். பொதியை 27 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைக்கச் சொல்லும் அறிவுரையை நம் வீட்டு அலமாரி தானாகவே நிறைவேற்றிவிடும். ஆனால் ஈரம் நம் கவலை. அத்துடன், கீழே வெப்பமான கிடங்கில் எத்தனை மாதம் இருந்துவிட்டு ஒரு மூட்டை மலையேறியது என்பதும் நமக்குத் தெரியாது. ஆகவே, எந்த நிறுவனம் என்று பார்க்குமுன் தயாரிப்புத் தேதியைப் பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் கெடுநாள் எவ்வளவு தள்ளியிருந்தாலும் வாங்குவதில்லை.

இரண்டாவதாகக் கற்றுக்கொண்டது அளவு. ஓய்வில் இருக்கும் ஒரு நாய்க்குத் தேவையான ஆற்றலைக் கணக்கிட, அதன் எடையின் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்குகிறார்கள். ஐந்து கிலோ ரோஸிக்கு அது சுமார் 234 கலோரி. முப்பது கிலோ லாப்ரடாருக்குச் சுமார் 897. கிலோவுக்குக் கிலோ பார்த்தால், லாப்ரடாருக்கு 30 கலோரி போதுமான இடத்தில் ரோஸிக்கு 47 வேண்டியிருக்கிறது. வயிறோ சிறியது. எனவே சிறிய நாய்க்கான உணவு ஒரு கைப்பிடிக்குள் அதிக ஆற்றலும் புரதமும் கொண்டதாக இருக்க வேண்டும். கருத்தடை செய்து, வீட்டோடு இருக்கும் அவளுக்கு மருத்துவர் 1.4 மடங்கு என்று வைத்து, நாளுக்குச் சுமார் 325 கலோரி என்றார். கிலோவுக்கு ஏறக்குறைய 3,800 கலோரி தரும் உணவில் அது 85 கிராம். எடை குறைய வேண்டியிருந்ததால் 80 கிராமில் தொடங்கினோம். முன்பு டம்ளரால் அளந்து போட்டபோது, பத்து கிராம் கூடினால் என்ன என்று எண்ணியிருந்தேன். அந்தப் பத்து கிராம் 38 கலோரி. அவளுடைய ஒரு நாள் உணவில் எட்டில் ஒரு பங்கு. இப்போது சமையலறைத் தராசில் நிறுத்தே போடுகிறேன்.

பொதியின் முன்பக்கத்தில் உள்ள இறைச்சித் துண்டும் பச்சைக் காய்கறியும் வெறும் படங்கள். பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது, அது வளர்ந்த நாய்க்கான முழுமையான, சமநிலையான உணவு என்ற சொற்களை. அதற்கு அளவுகோலாகப் பெரும்பாலும் அமெரிக்காவின் ஏ.ஏ.எஃப்.சி.ஓ. அமைப்போ ஐரோப்பாவின் ஃபெடியாஃப் அமைப்போ வகுத்த சத்து அளவுகளைக் குறிப்பிடுவார்கள். ஏ.ஏ.எஃப்.சி.ஓ. எந்த உணவுக்கும் சான்றிதழ் வழங்குவதில்லை; அளவுகளை மட்டுமே வகுக்கிறது. அதன்படி, ஈரம் நீக்கிய கணக்கில், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதமும் 5.5 சதவீதம் கொழுப்பும், குட்டிக்கு 22.5 சதவீதம் புரதமும் 8.5 சதவீதம் கொழுப்பும் இருக்க வேண்டும். இவை கீழெல்லைகள்; நல்ல உணவு இவற்றைத் தாண்டியே நிற்கும்.

பொருள்களின் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். ஆனால் அந்த எடை வேகவைப்பதற்கு முந்தையது. பச்சைக் கோழியில் ஏறக்குறைய 70 சதவீதம் நீர் என்பதால், பட்டியலில் அது முதலில் நின்றாலும் உலர்ந்த பின் பின்னுக்குப் போய்விடலாம். உலர்த்திப் பொடித்த கோழிப்புரதம் மூன்றாவதாக இருந்தாலும் அதிகப் புரதம் தருவது அதுவாகவே இருக்கலாம். அதே மக்காச்சோளத்தை முழுத்தானியம், மாவு, குளூட்டன் என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் சிறியதாகத் தோன்றும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நான் வாங்கிய இரண்டாவது உணவில் எந்த விலங்கு என்று சொல்லாமல் ‘இறைச்சிப் பொருள்கள்’ என்று மட்டுமே இருந்தது. செயற்கை நிறமும் சேர்த்திருந்தார்கள். நிறம் நாய்க்காக அல்ல, நமக்காகவே. ஆகவே அதை மறுமுறை வாங்கவில்லை.

மூன்றாவது, தானியமே இல்லாத விலையுயர்ந்த உணவு. புரதம் மிகுதி; ரோஸியும் விரும்பித் தின்றாள். ஆனால் பட்டியலில் பட்டாணியும் பருப்பும் முன்வரிசையில் நின்றன. இத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் ஆராயத் தொடங்கியது. காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆயினும், தானியம் ஒவ்வாத நாய்கள் மிகச் சிலவே என்னும்போது, தேவையில்லாத இடத்தில் அந்த ஐயத்தை ஏன் சுமக்க வேண்டும் என்று நான் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது கொடுத்துவருவது ராயல் கானின் நிறுவனத்தின் மினி அடல்ட். இந்நிறுவனத்தை 1968-இல் பிரான்சில் ஜான் கத்தாரி என்னும் கால்நடை மருத்துவர் தொடங்கினார். இன்று அது மார்ஸ் குழுமத்துக்கு உரியது. எந்த உலர் உணவையும் ‘பெடிகிரி’ என்றே கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா, அந்தப் பெடிகிரியும் அதே குழுமத்தினுடையதுதான். மினி அடல்ட், பத்து கிலோவுக்கு மேற்படாத இன நாய்களுக்கு, பத்து மாதத்திலிருந்து எட்டு வயதுவரைக்கும் உரியது. புரதம் 27, கொழுப்பு 16 சதவீதம். பத்து சதவீத ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் புரதம் முப்பது சதவீதம் ஆகிறது. தானியமும் கணிசமாக உண்டு. அதை நான் குறையாகக் கருதவில்லை. துண்டின் அளவு ரோஸியின் வாய்க்கு ஏற்றதாக இருப்பதால், பெரிய துண்டை வாயிலிருந்து கீழே போட்டு மறுபடி எடுக்கும் சிரமம் இல்லை. பழைய உணவில் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று குறைத்துக்கொண்டே வந்து, பத்து நாளில் முழுமையாக மாற்றினேன். மூன்றாம் வாரத்தில் மலம் இறுகி அளவும் குறைந்தது. மூன்றாம் மாதத்தில் கழுத்து முடி பழைய பளபளப்புக்குத் திரும்பியது. என்னைப் பொறுத்தவரை இவ்விரண்டும் எந்த விளம்பர வாசகத்தையும்விடத் தெளிவான சான்று.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. கிலோ 400 ரூபாய் உணவுக்கும் 800 ரூபாய் உணவுக்கும் இடைவெளி பெரிதாகத் தெரியும். 80 கிராமுக்கு அது நாளொன்றுக்கு 32 ரூபாய். முப்பது கிலோ நாயை வளர்ப்பவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராமல் போகலாம். சிறிய நாயை வளர்ப்பவருக்குத் தரத்தில் சிக்கனம் பார்க்கத் தேவையில்லை. சிக்கனத்துக்காகப் பெரிய பொதி வாங்குவதும் அப்படியே. எட்டு கிலோப் பொதி ரோஸிக்கு நூறு நாள் வரும். திறந்த உணவை நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்னும்போது பாதிக்கு மேல் வீணாகும். 800 கிராம் பொதி சரியாகப் பத்து நாளுக்கு வருகிறது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் அதையே வாங்குகிறேன். பங்குனி, சித்திரையில் இரண்டு கிலோ. உணவைப் பொதியிலேயே விட்டு, வாயை மடித்துக் கவ்வி போட்டு, பொதியோடு எவர்சில்வர் தூக்கில் வைத்து மூடுகிறேன். டப்பாவில் கொட்டிவைத்தால் அடியில் தங்கும் பழைய கொழுப்பு புதிய உணவையும் கெடுக்கும். தேதியும் தொகுதி எண்ணும் கைவசம் இருக்காது. மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிந்தால் லாரிகள் நின்றுவிடும் என்பதால், பிரிக்காத பொதி ஒன்று எப்போதும் அலமாரியில் இருக்கும்.

நல்ல உணவை வாங்கிய பிறகும் அதைக் கெடுப்பது நம் கைதான். தேநீரோடு வர்க்கி தின்னும்போது ஒரு துண்டை நாய்க்குப் போடும் பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. என் பேத்தி, “பாட்டி, ஒண்ணே ஒண்ணுதானே” என்று கெஞ்சுவாள். வர்க்கியின் கொழுப்பு ஐந்து கிலோ உடலுக்குச் சிறிதன்று. கொழுப்பு மிகுந்த தின்பண்டங்களால் கணைய அழற்சி வரும் ஆபத்து சிறிய நாய்களுக்கு மெய்யானது. ஊட்டியில் விற்கும் வீட்டுச் சாக்லேட்டோ நஞ்சே. நிறம் கறுக்கக் கறுக்க, நாய்க்கு நஞ்சாகும் தியோபுரோமின் என்னும் பொருள் அதில் கூடும். தின்பண்டம் எதுவானாலும் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதால், பேத்தியின் கையில் அன்றைய 80 கிராமிலிருந்தே எட்டுத் துண்டுகளை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், இருவருக்கும் மகிழ்ச்சி.

உலர் உணவு பற்களைத் தானே சுத்தம் செய்யும் என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். சாதாரணத் துண்டு பல் பட்டதுமே நொறுங்கிவிடும். சிறிய நாய்களுக்கு ஈறுநோய் விரைவில் வரும். நாய்களுக்கான பற்பசையும் மென்மையான தூரிகையும் தனியே வாங்கி, இரவு உணவுக்குப் பின் துலக்கிவிடுகிறேன்.

வரும் தை மாதத்தில் ரோஸிக்கு எட்டு வயது நிறைகிறது. பொதியில் எழுதியுள்ள வயதெல்லையும் அதுவே. மூத்த நாய்களுக்கான உணவுக்கு அன்றைக்கே மாறிவிட வேண்டும் என்பதில்லை. முதலில் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அதனால் மார்கழிக்குப் பிறகு 800 கிராமுக்கு மேல் எதையும் வாங்கி வைப்பதாக இல்லை.