ஓட்டோவா, 1990 அம்புலன்ஸா?

ஏ9 வீதியில் கைதடிப் பக்கம் மோட்டார் சைக்கிள் சறுக்கினால் முதலில் வந்து நிற்பது ஓட்டோதான். "தூக்கடா, ஏத்தடா" என்று நாலுபேர் கைகாலைப் பிடித்து மடக்கிப் பின்சீற்றில் திணிப்பார்கள். வேகம் அதன் பலம், மறுக்கவில்லை. ஆனால் நினைவிழந்தவரின் தலை முன்னே தொங்கினால் மூச்சுவழி அடைபடும். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த மடக்கலே முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணைச் சேதமாக்கலாம்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்; 2018 ஜூலையில் இலங்கையின் வடக்குக்கு வந்தது. ஒட்சிசன், பயிற்சி பெற்றவர் எல்லாம் வண்டியிலேயே. குறை, காத்திருப்பு.

தடுக்கக்கூடிய சாவுகள் பல அந்த இடைவெளியில்தான். தொடை நாடி அறுந்தால் சில நிமிடங்களே. பக்கத்தில் நிற்பவர் சாரத்தை மடித்துக் காயத்தில் வைத்து, முழுப்பாரத்தையும் போட்டு அமத்த வேணும், எடுத்தெடுத்துப் பார்க்கக்கூடாது. (போனில் படம் பிடிக்கிற கைகளே இதற்குப் போதும்.)

என் தெரிவு 1990. அமத்தியும் இரத்தம் நிற்கவில்லை, அம்புலன்ஸும் தூரத்தில் என்றால் மட்டும் ஓட்டோ. அப்போதும் அமத்தின கையை எடுக்காமல் ஒருவர் கூடவே ஏறவேணும்.