ஹெட் வேலைக்கு பழைய வி-டெக்கை விடுகிறவர்கள் கவனத்துக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய ஹோண்டா சிட்டி வி-டெக் கார் வைத்திருப்பவர்கள், ஹெட் (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பாகம்) வேலைக்கு விடுமுன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது, அதனால் இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

என் வண்டி 2001 மாடல். 1.5 லிட்டர், 16 வால்வு, 106 குதிரைத்திறன். கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக் இருக்கிற கோவையில் இந்த எஞ்சினுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. அதனாலேயே தடுக்கி விழுந்தால் ஒரு 'வி-டெக் ஸ்பெஷலிஸ்ட்' போர்டு.

காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வந்தது. வால்வு ஸ்டெம் சீல், அதாவது வால்வு வழியாக ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர், போய்விட்டது என்றார்கள், சரியான கணிப்புதான். ஹெட்டை இறக்கி சீல் 16, வால்வு ஸ்பிரிங் செட், லாக் செட், லேப்பிங் (வால்வைத் தேய்த்து உட்கார வைப்பது), டைமிங் பெல்ட் என்று பில் ரூ. 38,500. வண்டியை எடுத்ததிலிருந்தே மேலே ஒரு டிக்டிக் சத்தம். திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது பட்டறைக்காரர் போனட்டைக்கூடத் தூக்கவில்லை. "டேப்பட் சத்தமுங்கண்ணா, வி-டெக்னா அப்படித்தான் இருக்கும், ஓட ஓட செட்டாயிரும்." ஓட ஓட செட்டாவதற்கு அது செருப்பு அல்ல. இந்த எஞ்சினில் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி, குளிர்ந்த நிலையில் இன்டேக்கில் (காற்று உள்ளே வரும் வால்வு) 0.18 முதல் 0.22 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டில் (புகை வெளியேறும் வால்வு) 0.23 முதல் 0.27. ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், பார்த்தால்தானே.

அப்புறம் ஒரு நாள் பெருந்துறை தாண்டி பைபாஸில் ஐந்தாவது கியரில் 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது, சுத்தியலால் அடித்த மாதிரி ஒரு சத்தம். ஆர்.பி.எம். முள் மூவாயிரத்தைச் சுற்றித்தான் இருந்தது. உடனே சாவியைத் திருப்பி அணைத்து ஓரங்கட்டி, மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காமல் வண்டியை லாரியில் ஏற்றி அதே பட்டறைக்கு அனுப்பினேன்.

அங்கே முதல் வேலையாக ஒரு பையன் உள்ளே ஏறி செல்ஃப் அடித்தான். கடகடவென்று கேட்டதும் தீர்ப்பு வந்துவிட்டது. "எஞ்சின் சீஸுங்கண்ணா. நீங்க கியரைத் தப்பாப் போட்டு ஓவர் ரெவ் ஆகியிருக்கு." எஞ்சின் இறுகிவிட்டது, அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றியதால் கெட்டது, தப்பு என்னுடையது என்று அர்த்தம். ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூடக் கழற்றாமல் இதைச் சொன்னார்கள். இறக்குமதி செய்த பழைய எஞ்சின் ஒன்று கைவசம் இருக்கிறதாம், ரூ. 1,10,000 ஆகுமாம். கூடவே ஒரு சலுகை: "பழசை நாங்களே எடைக்குப் போட்டுக்கறோமுங்க." இதைக் கேட்டதும்தான் எனக்குச் சுருக்கென்றது. என்ன நடந்தது என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பழைய எஞ்சின்தான். அன்றைக்கே வண்டியை அங்கிருந்து கிளப்பினேன்.

கோவை கணபதியில் ஹெட் வேலை மட்டுமே செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். செல்ஃப் அடித்தார்கள் என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "உள்ள இரும்புத் துண்டு கெடந்தா அத்தனையும் செவுத்துல கோடு போடுமே தம்பி. மொதல்ல பிளக்கைக் கழட்டுங்க." மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் முனை தட்டையாக நசுங்கி, பீங்கான் நொறுங்கியிருந்தது. மற்ற மூன்றும் சுத்தம். பிளக் துளை வழியாகச் சின்னக் கேமராவை விட்டால், பிஸ்டன் தலை முழுக்க அம்மி கொத்தின மாதிரி. ஒரு இன்டேக் வால்வின் தலை ஒடிந்து அதற்குள்ளேயே கிடந்தது.

சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் போட்டால் மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டும் என்பதால், எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி ஒவ்வொரு சிலிண்டராகக் காற்றை ஏற்றினார். அந்தக் கால ஹோண்டா எஞ்சின் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் சுற்றும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காற்று எங்கே வெளியேறுகிறது என்பதில் மொத்தக் கதையும் இருக்கிறது: த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட், ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் கொப்புளித்தால் ஹெட் கேஸ்கெட். ஒன்று, இரண்டு, நான்கு நன்றாகவே பிடித்தன. மூன்றில் விட்ட காற்று அப்படியே த்ராட்டில் வழியாகப் போய்விட்டது.

ராக்கர் கவரைத் திறந்தோம். டைமிங் குறிகள் நேராக இருந்தன, பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பிரிங் தட்டு சாய்ந்து கிடக்க, ஆயிலில் ஒரு லாக் துண்டு மின்னியது. வால்வின் வால் பகுதியை ஸ்பிரிங் தட்டோடு பிடித்து வைப்பது இந்த இரண்டு அரைவட்டத் துண்டுகள்தான். கழன்றுவிட்டால் வால்வு நேராகச் சிலிண்டருக்குள் விழும். தேடிப்பிடித்து எடுத்த இரண்டு பாதிகளையும் வெர்னியரில் வைத்தால் உயரமே ஒன்றாக இல்லை. ஒன்று வேறு ஏதோ எஞ்சினுடையது! சரியாக உட்காராத லாக்கைத்தான் அத்தனை நாளும் டேப்பட் சத்தம் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பில்லில் 'புதிய லாக் செட்' என்று போட்டிருக்கிறது. ஸ்பிரிங்குகளும் பழசுதான், ஒவ்வொன்றும் ஒரு நீளம். ஸ்டெம் சீல்கள் மட்டும் நிஜமாகவே புதுசு, அதை மறைப்பானேன்.

ஓவர் ரெவ் கதையும் இங்கே அடிபட்டுப் போனது. ஐந்திலிருந்து நான்குக்குப் பதில் இரண்டில் கியர் விழுந்தால் சக்கரமே எஞ்சினைச் சுற்றிவிடும், பெட்ரோலை நிறுத்துகிற ரெவ் லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது. ஸ்பிரிங்கால் வால்வைச் சமயத்தில் மூட முடியாமல் பிஸ்டனோடு மோதும். ஆனால் அப்படி நடந்தால் ஒரே ஒரு வால்வோடு நிற்பது அபூர்வம். நான்கு பிஸ்டனிலும் வால்வு மோதிய பிறை மாதிரித் தழும்பு தேடினோம். மூன்றைத் தவிர மற்றவற்றில் கரி படிந்த மேற்பரப்பு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) கழற்றிக் குலுக்கினால் பொடித் துண்டுகள் கொட்டின. ஒடிந்த வால்வின் சில்லுகள் திறந்த வழியாகப் பின்னால் ஏறி மற்ற சிலிண்டர்களுக்கும் போகக்கூடும். இதைச் சுத்தம் செய்யாமல் வேறு எஞ்சின் மாட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

வேறு எஞ்சின் மாட்டுவதில் இன்னொரு வில்லங்கம். ஆர்.சி.யில் இருக்கிற எஞ்சின் எண் மாறும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அந்த எண்ணைப் பார்ப்பார்கள். பட்டறையில் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. கேட்டதற்கு "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்றார்கள்.

பில், கழற்றும்போது எடுத்த வீடியோ, இரண்டு லாக் பாதிகள், நசுங்கிய பிளக், எல்லாவற்றையும் பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்போடு பத்திரப்படுத்தி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். பாதிப் பணம் தருகிறோம், புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று ஆள் விட்டார்கள். முடியாது என்றுவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

இப்போதைக்கு பிளாக் கணபதியில்தான் இருக்கிறது. மூன்றாவது சிலிண்டர் சுவரில் கோடு ஆழமில்லை, ஹோனிங்கில் (சுவரை லேசாகத் தேய்த்துச் சமன் செய்வது) போய்விடும் என்கிறார் பெரியவர். ஸ்டாண்டர்ட் சைஸ் பிஸ்டன் ஒன்றும் இன்டேக் வால்வுகளும் வேண்டும். டூப்ளிகேட் வேண்டாம். சேலம், கரூர் பக்கம் யாரிடமாவது பெட்டி பிரிக்காத சரக்கு இருந்தால் விலையோடு சொல்லுங்கள்.