க்ரைம் நாவல் கேட்டால் நூலகர் என்ன கேட்கிறார்? சியாட்டில் பக்கத்து நூலகங்களில் என் அனுபவம்

சியாட்டில் பக்கம் குடிவந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இங்கே பொது நூலகங்களுக்கு நான் போவது பெரும்பாலும் துப்பறியும் கதைக்கும் சயின்ஸ் ஃபிக்ஷனுக்கும்தான், நடுநடுவே கொஞ்சம் பேய்க்கதை. தீவிர இலக்கிய வாசகர்கள் நூலகங்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். க்ரைம் நாவல் தேடிப் போகிற ஒருவருக்கு நூலகர்கள் என்ன செய்துதருகிறார்கள் என்று எழுதியவர்கள் குறைவு, அதனால் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்டிக்கர், டிஸ்ப்ளே, பட்டியல் எல்லாமே உதவுகின்றன, ஆனால் ஒரு நூலகரிடம் ஐந்து நிமிடம் பேசுவதற்கு எதுவும் ஈடில்லை.

தகவல் மேசையில் போய் “நல்ல மிஸ்டரி ஒன்று வேண்டும்” என்று சொன்னால், பழகிய நூலகர் உடனே எதையும் எடுத்துத் தரமாட்டார். “சமீபத்தில் ரசித்துப் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்களேன்” என்பார். நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஸ்வீடனில் நடக்கும் ஒரு போலீஸ் நாவல் பிடித்திருந்தது என்று ஒருமுறை சொன்னேன். எது பிடித்தது, வழக்கின் முடிச்சா, அந்த அதிகாரியா, அந்தப் பனி பிடித்த ஊரா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் ஊர்தான், ஆள் நடமாட்டமே இல்லாத அந்த இடம்தான். அவர் ஸ்வீடன் பக்கமே போகவில்லை. ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் நடக்கும் நாவல் ஒன்றும், அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் நடக்கும் பழைய போலீஸ் வரிசையின் முதல் புத்தகமும் கொடுத்தார். பனிக்குப் பதில் பாலைவனம், ஆனால் அதே தனிமை, அதே தூரம். ஆன்லைன் கடையாக இருந்திருந்தால் இன்னும் பத்து ஸ்வீடிஷ் நாவல்களை வரிசையாகக் காட்டியிருக்கும்.

இது அந்த ஒருவரின் சாமர்த்தியம் மட்டும் இல்லை, இதற்கென்று ஒரு பயிற்சியே இருக்கிறது. ஜாய்ஸ் சாரிக்ஸ், நான்சி பிரவுன் என்ற இரண்டு நூலகர்கள் 1989-ல் பொது நூலகங்களில் வாசகர் ஆலோசனை, அதாவது வாசகருக்கு ஏற்ற புத்தகத்தைப் பரிந்துரைப்பது, பற்றி ஒரு கையேடு எழுதினார்கள். ஒரு கதை எந்த வகை என்பதோடு நிறுத்தாமல் அதன் வேகம், பாத்திரங்கள், கதைப்போக்கு, பின்புலம் இவற்றில் எது வாசகரை இழுக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். சியாட்டிலில் நூலகராக இருந்த நான்சி பெர்ல் இதையே கதை, பாத்திரம், இடம், மொழி என்று நான்கு வாசல்களாகச் சொல்வார். புத்தகம் பிடிக்கவில்லை என்றால் எப்போது மூடிவைக்கலாம் என்பதற்கும் அவரிடம் ஒரு விதி உண்டு: வயது 50-க்குள் என்றால் 50 பக்கம் படித்துப் பாருங்கள், அதற்கு மேல் என்றால் 100-லிருந்து வயதைக் கழித்து வருகிற எண்ணிக்கை போதும். நான் இதைப் பின்பற்றுகிறேன், பாதியில் நிறுத்துவதில் எந்தச் சங்கடமும் இப்போது இல்லை.

இதற்கெல்லாம் முன்பே, 1982-ல், பெட்டி ரோசன்பர்க் என்ற நூலகத் துறைப் பேராசிரியர் ஜனரஞ்சகப் புனைகதைகளுக்கு என்றே ஒரு வழிகாட்டி நூல் கொண்டுவந்தார். உங்கள் வாசிப்பு ரசனைக்காக ஒருபோதும் மன்னிப்புக் கேட்காதீர்கள் என்பதுதான் அவர் சொன்ன முதல் விதி. எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. பாக்கெட் நாவலைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துப் படித்த தலைமுறை நாம், “இதெல்லாம் ஒரு புத்தகமா” என்ற கேள்வி காதில் விழாமல் வளர்ந்தவர் யாரும் இருக்க முடியாது. நம் ஊர் லெண்டிங் லைப்ரரிக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, உனக்கு இது பிடிக்கும் என்று எடுத்துவைத்துக் கொடுத்தார்கள், அதற்காக அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதையை இங்கே அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு நூலகத்தில், பேய்க்கதை கேட்டு நிற்கும் எனக்கு, முகம் சுளிக்காமல் தருகிறார்கள்.

அலமாரிகளுக்கு வருவோம். நான் போகிற கிளைகளில் மிஸ்டரியும் சயின்ஸ் ஃபிக்ஷனும் தனித்தனியாக இருக்கின்றன, முதுகில் ஒரு சின்ன ஸ்டிக்கர், ராக்கெட் படம் போட்டால் சயின்ஸ் ஃபிக்ஷன், இதயம் என்றால் காதல் கதை. அவசரத்தில் போகும்போது வசதிதான். ஆனால் விண்கலத்துக்குள் கொலை நடந்தால் அந்தப் புத்தகத்தை எங்கே வைப்பது? ஒரு ஸ்டிக்கர்தான் ஒட்ட முடியும், மிஸ்டரி வாசகர் கண்ணில் அது படாமலே போய்விடும். இந்தக் குறையைச் சரிசெய்வது டிஸ்ப்ளே மேசைதான். அக்டோபரில் பேய்க்கதைகள், அட்டை முன்பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்திவைத்து, ஊழியர்கள் கையால் எழுதிய ரெண்டு வரிக் குறிப்போடு. அந்தக் குறிப்புகளை நான் நம்புகிறேன், படிக்காமல் அப்படி எழுத முடியாது. பிப்ரவரியில் புத்தகங்களைத் தலைப்பு தெரியாதபடி பழுப்புக் காகிதத்தில் சுற்றி, மேலே சில சொற்கள் மட்டும் எழுதி வைப்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அது நன்றாக இருக்கிறது, நிறையப் படிக்கிறவர்களுக்கு ஏற்கெனவே படித்ததுதான் உள்ளே இருக்கும் என்பதால் பயன் கம்மி.

நேரில் போக முடியாதவர்கள் சியாட்டில் பொது நூலகத்தின் ‘யுவர் நெக்ஸ்ட் ஃபைவ்’ படிவத்தை நிரப்பலாம், ஒரு நூலகர் நமக்காக ஐந்து புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார். படிவத்தில் பிடித்ததை மட்டும் எழுதாதீர்கள், பிடிக்காததைக் காரணத்தோடு எழுதுங்கள். குழந்தைகளுக்குக் கொடுமை நடக்கும் கதை வேண்டாம், கொலைகாரன் மனதுக்குள் போய் எழுதும் அத்தியாயங்கள் வேண்டாம் என்று எழுதினால் பட்டியலின் தரமே மாறிவிடுகிறது. அப்புறம் நாவலிஸ்ட் என்ற தரவுத்தளம் பல நூலகங்களில் அட்டை இருந்தாலே இலவசம், வேகம், மனநிலை எல்லாம் வைத்துத் தேடலாம். புது வரவுகளுக்கு 2013 முதல் வரும் லைப்ரரிரீட்ஸ் மாதப் பட்டியல், நாடு முழுக்க நூலக ஊழியர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் ஒரு பிரிவு 2007-லிருந்து எட்டு வகைகளில் வருடாந்திரத் தேர்வும் வெளியிடுகிறது, திகிலுக்கும் காதலுக்கும் அதில் தனித்தனி இடம்.

இன்னொரு விஷயம். நீங்கள் முன்பு என்ன எடுத்தீர்கள் என்பதைப் பார்த்து நூலகர் பரிந்துரைப்பதில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அந்தப் பதிவு உங்கள் கணக்கில் நிற்காதபடிதான் இங்கே பெரும்பாலான நூலகங்கள் வைத்திருக்கின்றன, நாமாக வேண்டும் என்று கேட்டால் மட்டும் சேமிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருடம் வரை ரத்தம் தெறிக்கும் திரில்லர் படித்தவர் இன்று சின்ன ஊரில் டீக்கடைக்காரம்மா துப்புத் துலக்கும் மென்மையான கதை கேட்கலாம். பழைய கணக்கு அவரைத் துரத்தாது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு கிளையில் பன்னிரண்டு பாகத் தொடர் ஒன்றில் இரண்டாவதும் ஐந்தாவதும் மட்டும் அலமாரியில் இருந்தன, முதல் பாகம் எங்கேயுமே இல்லை. துப்பறியும் தொடர்களை இப்படி வைத்தால் யார் தொடங்குவார்கள்? பரிந்துரைத்த புத்தகத்துக்கு ஹோல்டு, அதாவது முன்பதிவு, வைத்தால் மாதக்கணக்கில் காத்திருப்பதும் சகஜம், அதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். சியாட்டிலில் 2017-ல் தொடங்கிய ‘பீக் பிக்ஸ்’ இதற்கு ஒரு நல்ல பதில்: புது வரவுகளில் சில பிரதிகளுக்கு ஹோல்டும் கிடையாது, புதுப்பித்தலும் கிடையாது, அலமாரியில் இருந்தால் எடுத்துப் போகலாம். நூலகரிடம் கேட்கும்போதே “இன்றைக்கே கையில் கிடைக்கிறது எது” என்று சேர்த்துக் கேளுங்கள், அவர்களும் பழைய, யாரும் எடுக்காத நல்ல புத்தகங்களைச் சந்தோஷமாகக் காட்டுவார்கள். நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் 1931-ல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று ஒன்று உண்டே, அது நடப்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.

எனக்கு இருக்கிற பெரிய ஆதங்கம் தமிழ் அலமாரி. நான் பார்த்த அளவில் அதில் ஸ்டிக்கரும் இல்லை, பிரிவும் இல்லை. சரித்திர நாவல், குடும்ப நாவல், க்ரைம், சமையல் குறிப்பு எல்லாம் ஒன்றாக நிற்கின்றன. நூலகர்களைச் சொல்லிக் குற்றமில்லை, தமிழ் தெரியாமல் அவர்கள் எதை யாருக்குப் பரிந்துரைப்பது? என் கிளை நூலகரிடம் இதைப் பேசியபோது அவர் கேட்டது எளிமையான உதவி: ஒவ்வொரு தமிழ் நாவலுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு வரி, வேகமா நிதானமா, ரத்தம் உண்டா இல்லையா, தொடர் என்றால் எத்தனையாவது. எழுதிக் கொடுத்தேன், அவர் டிஸ்ப்ளேயில் தமிழ் க்ரைமுக்கு ஒரு தட்டு ஒதுக்கினார். இப்போது பேய்க்கதைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இருந்தால் நீங்களும் இதைச் செய்யலாம். புதிதாக வாங்கச் சொல்லிப் படிவம் போடும்போது புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணையும் பதிப்பகத்தின் பெயரையும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள், தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் அது இல்லாமல் தேடிக் கண்டுபிடிப்பது அவர்களுக்குச் சிரமம்.