ஐந்து வருட செராமிக் கோட்டிங் என்றார்கள், நாலே மாதத்தில் போய்விட்டது. யாரும் ஏமாறாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். அந்தக் கடைக்காரர் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

என்னுடையது கறுப்பு கார், வாங்கி ஒரு வருடம் ஆகிறது. கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு முறை துடைத்தாலே வெயிலில் சிலந்தி வலை மாதிரி வட்டக் கீறல்கள் தெரியும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் செராமிக் கோட்டிங், அதாவது பெயின்டின் மேல் பூசி இறுகவிடும் காப்புத் திரவம், போடலாம் என்று கிளம்பினேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. செராமிக் கோட்டிங், பிபிஎஃப் (பெயின்டின் மேல் ஒட்டும் காப்புப் படலம்), பாலிஷ் எல்லாம் செய்கிற கடை, கண்ணாடிச் சுவர், வெள்ளை வெளிச்சம், அலமாரி நிறைய வெளிநாட்டு பாட்டில்கள். அவ்வளவு போதும்.

உள்ளே போனதும் அவர் விலை பேசவில்லை. பானட்டின் மேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டினார். "வண்டியைப் பிள்ளை மாதிரி வச்சிருக்கீங்க சார், இதுக்கு மெழுகு போட எனக்கு மனசு வராது" என்றார். அப்புறம் பாதி கோட்டிங் போட்ட பழைய பானட் ஒன்றைக் காட்டி, மேலே ஒரு குவளை தண்ணீரை ஊற்றினார். ஒரு பக்கம் தண்ணீர் ஈரத் துணி மாதிரி படுத்துக்கிடந்தது. இன்னொரு பக்கம் தாமரை இலையில் ஓடுவது போல முத்து முத்தாக உருண்டு விழுந்தது. நான் விழுந்ததும் அங்கேதான். "9எச் சார், வைரத்துக்கு அடுத்தபடி. அஞ்சு வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்." இரண்டு மாதச் சம்பளம். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்தேன்.

9எச் என்பது பென்சிலால் கீறிக் கடினம் பார்க்கும் சோதனையின் அளவு என்று இப்போது தெரிகிறது. 9எச் பென்சிலால் கோடு போட்டால் கீறல் விழாது, அவ்வளவுதான். வைரத்தை அளக்கிற மோஸ் அளவுகோல் முற்றிலும் வேறு. அன்றைக்கு அந்த வார்த்தை காதில் எவ்வளவு இனித்தது!

காலையில் வண்டியை விட்டேன், மாலை ஆறு மணிக்கே "ரெடி சார்" என்று போன் வந்தது. சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் அது. ஒழுங்கான வேலை என்றால் முதலில் கழுவ வேண்டும், பெயின்டில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகளை மருந்து போட்டு எடுக்க வேண்டும், களிமண் கட்டியால் தேய்க்க வேண்டும், கீறல் போகும்வரை பாலிஷ் பிடிக்க வேண்டும், பாலிஷ் விட்டுப்போகும் எண்ணெய்ப் பசையை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அதன் பிறகுதான் கோட்டிங். அதையும் சிறிது சிறிது இடமாகப் பூசி, நேரம் பார்த்துத் துடைத்துச் சமன் செய்து, தண்ணீர் படாமல் இறுக விட வேண்டும். கறுப்பு வண்டிக்கு ஒரே பகலில் முடிகிற காரியமா இது? ஆனால் வண்டி கண்ணாடியாக மின்னியது, நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பராமரிப்பில் நான் குறை வைக்கவில்லை. முதல் ஒரு வாரம் தண்ணீரே காட்டவில்லை. அப்புறம் எப்போதும் நிழலில்தான் கழுவினேன். ஒரு வாளியில் ஷாம்பு, ஒரு வாளியில் வெறும் தண்ணீர். காரமோ அமிலமோ இல்லாத ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி. பறவை எச்சம் விழுந்தால் அன்றைக்கே ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுத்தேன். நாலாவது மாதம் ஒரு மழை. பானட்டில் ஒரு முத்தும் இல்லை, தண்ணீர் பாய் விரித்தது போல் படர்ந்து நின்றது. மறுநாள் வெயிலில் பார்த்தால் அதே சிலந்தி வலை, பழைய இடத்திலேயே.

போன் செய்தேன். "உப்புத் தண்ணியில கழுவியிருப்பீங்க, கோட்டிங் அடைச்சிருக்கும்" என்றார். அப்படி நடப்பது உண்டுதான். அழுக்கும் தாதுப் படிவும் மேலே மூடிக்கொண்டால் முத்து உருளாது, மருந்து போட்டு எடுத்தால் திரும்ப வரும். அதையும் வாங்கி முறைப்படி செய்தேன். ஒன்றும் மாறவில்லை. அடுத்த முறை "ஷாம்பு சரியில்ல". அதற்கடுத்து "ஓனர் வெளியூர்ல இருக்கார்". நேரில் போனேன். என் பிள்ளை மாதிரி வண்டியைத் தொட்டுப் பார்த்தவர் நாற்காலியை விட்டு எழவில்லை. வாரண்டி கார்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் எறும்பு ஊர்கிற எழுத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர்களிடமே காசு கொடுத்துப் பராமரிப்புக் கழுவல் செய்ய வேண்டுமாம். நான் பதினோரு நாள் தாமதமாம். இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கும்போது இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நேற்று வேறொரு தொழில்காரரிடம் காட்டினேன். டிக்கி மூடியின் கீழ் விளிம்பில், நான் அதிகம் கழுவாத இடத்தில், பளபளப்பு இன்னும் இருந்தது. அங்கே ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தெளித்து இரண்டு முறை துடைத்தார். என் கண் முன்னால் பளபளப்பு மங்கி, அடியிலிருந்து கீறல்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. இறுகிய கோட்டிங் ஆல்கஹாலுக்கு அசையாது. அதை எடுக்க பாலிஷ்தான் பிடிக்க வேண்டும். எனக்குப் போட்டது கீறலை எண்ணெயால் நிரப்பி மறைக்கும் கிளேஸும் மேலே ஒரு ஸ்பிரே மெழுகும் என்றார். தண்ணீர் முத்தாக உருள்வது மெழுகிலும் நடக்கும்.

பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அடுத்து அந்தத் தொழில்காரர் பெயின்ட் கனம் பார்க்கும் கருவியை வைத்தார். கதவில் 118 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பானட்டின் விளிம்பு மடிப்பில் 81. நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டே பொதுவாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அவசரத்தில் மிஷினை விளிம்பில் அழுத்திப் பிடித்து அதில் பெரும்பகுதியைச் சீவித் தள்ளியிருக்கிறார்கள். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பது அந்த அடுக்கு. அது இனி வளராது. "அந்த ஓரத்துல இனிமே பாலிஷ் மிஷின் வைக்கவே கூடாது" என்றார். ஆக, காப்பதற்கென்று இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து, கம்பெனி போட்டுத் தந்த காப்பையே இழந்து நிற்கிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். எந்த பாட்டில் என்று கேட்டு, உங்கள் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல்லுங்கள். பாலிஷுக்கு முன்னும் பின்னும் கனம் அளந்து எழுதி வாங்குங்கள். கோட்டிங் போடுவதற்கு முன் ஆல்கஹாலால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள், கீறல் எழுந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கல் தெறிப்பதைக் கோட்டிங் தடுக்கும் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள், அதற்கு பிபிஎஃப் படலம்தான். வாரண்டி கார்டின் பின்பக்கத்தைப் பணம் கொடுப்பதற்கு முன் படியுங்கள்.

கனம் அளந்த எண்களைப் படமெடுத்து அந்தக் கடைக்காரருக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்து ஆறு மணி நேரம் ஆகிறது.