சியில் மூன்று வருடம், பைத்தானில் எட்டு வருடம்: பிழை எப்போது கண்ணில் படுகிறது?

கல்லூரி லேபில் டர்போ சி என்ற மென்பொருளின் நீலத் திரையில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். மூன்று வருடம் சி மொழி, அப்புறம் வேலையில் எட்டு வருடமாகப் பைத்தான் மொழி. புதிதாகப் படிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றித்தான். 10 கோடி வரை கூட்டும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் வரிகள்) ஒன்றை இரண்டிலும் ஓட்டினால், சியில் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், பைத்தானில் பல நொடி ஆகும். சரி, ஆனால் இத்தனை வருடத்தில் எனக்குப் பெரிதாகப் பட்ட வித்தியாசம் வேறு.

ஒருமுறை ஏராளமான பதிவுகளைக் கணக்கிட, பைத்தான் நிரலை இரவில் ஓடவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால், மூன்று மணி நேரம் ஓடிவிட்டுக் கடைசி வரியில் நேம்எரர், அதாவது அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பிழை. டோட்டல் என்ற வேரியபிளில், அதாவது மதிப்பை வைத்திருக்கும் பெயரில், ஓர் எழுத்தை விட்டிருந்தேன். விடையைக் கோப்பில் எழுத வேண்டிய வரியே அதுதான், கணக்கிட்டதெல்லாம் போயிற்று. சியில் இது நடக்காது. அறிவிக்காத வேரியபிள் எந்த மூலையில் இருந்தாலும் கம்பைலர் (ஓட்டும் முன்பே முழு நிரலையும் இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) நிறுத்திவிடும், ஓட்டுவதற்குக் கோப்பே கிடைக்காது.

அதற்காக, கம்பைல் ஆகிவிட்டால் எல்லாம் சரி என்று இருந்துவிடவும் முடியாது. அரே என்பது மதிப்புகளை வரிசையாக வைக்கும் இடம்; 5 இடமுள்ள அரேயில் 7ஆவது இடத்தைப் படித்தால் சி பெரும்பாலும் வாய் திறக்காது, ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும். அப்படி ஒரு தவறைத் தேடி இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன். பைத்தான் அதே இடத்தில் இன்டெக்ஸ்எரர், அதாவது அப்படி ஓர் இடமே இல்லை என்று வரி எண்ணோடு சொல்லிவிடும்.

கம்பைலர் முழு நிரலையும் முதலிலேயே மாற்றிவிடும், பைத்தானை ஓட்டும் இன்டர்பிரட்டர் வரி வரியாகப் படித்து ஓட்டும் என்று பாடத்தில் கோடு போட்டுப் பிரித்து மனப்பாடம் செய்திருப்போம். பத்து வரி பைத்தான் நிரலில் முதல் வரியில் ஒரு பிரிண்ட் வையுங்கள், பத்தாவது வரியில் அடைப்புக்குறியை மூடாமல் விடுங்கள். முதல் வரிகூட அச்சாகாது. பைத்தான் முழுக் கோப்பையும் முதலில் பைட்கோடாக (இன்டர்பிரட்டருக்குப் புரியும் இடைநிலை வடிவமாக) மாற்றிக்கொண்டுதான் ஓட்டத் தொடங்குகிறது. இம்போர்ட் செய்யும், அதாவது நிரலுக்குள் இழுத்துக்கொள்ளும் மற்ற கோப்புகளின் பைட்கோடுதான் பைகேஷ் என்ற ஃபோல்டரில் சேர்கிறது. பாடத்தில் போட்ட கோடு அவ்வளவு நேர்க்கோடு இல்லை.

தொடங்குகிறவர்களுக்குப் பைத்தானையே சொல்வேன், எழுதிய கையோடு விடை தெரியும். இரண்டு மாதம் கழித்து அதே பயிற்சிகளைச் சியில் எழுதி, எல்லா எச்சரிக்கையையும் காட்டச் சொல்லி ஜிசிசி என்ற கம்பைலரில் கம்பைல் செய்து பாருங்கள். நான் இப்போதெல்லாம் நீண்ட நேரம் ஓடும் பைத்தான் நிரல் எதையும், முதலில் 10 பதிவுகளை மட்டும் கொடுத்துக் கடைசி வரி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.